நாரினில் வைத்த டைமிங்

காலை எட்டு மணிக்கு எர்மெக்கிடமிருந்து குரல் செய்தி வந்தது. மொத்தம் பதினோரு விநாடி.

"புருல், விமானத்த மாத்திட்டாங்க. நாளைக்கு இல்ல, இன்னைக்கே. ஒண்ணேகாலுக்கு பிஷ்கெக்ல இறங்குறேன். அடுத்த வேலைக்கு மூணரைக்கு இஸ்தான்புல் விமானத்துக்கு உள்ள போயிடணும். முடிஞ்சா வா."

திருப்பி அழைத்தாள். போன் அணைந்திருந்தது. விமானத்தில் ஏறிவிட்டான்.

'முடிஞ்சா வா'வாம்! மூன்று வருடம் கழித்துப் புருஷன் முகத்தைப் பார்க்க இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. அதற்கு ஒரு 'முடிஞ்சா'!

மலைமேல் இருக்கும் நாரினிலிருந்து பிஷ்கெக் விமான நிலையம் முந்நூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல். பங்கு டாக்ஸி நாலு ஆள் சேராமல் நகராது. புருல் சாவியை எடுத்தாள். வாசலில் நின்றது எர்மெக்கின் பழைய செலிக்கா கார், எண்பத்தெட்டாம் வருட வண்டி.

வடக்கே பனிப்பிரதேசத்து யாகுத்ஸ்க் சுரங்கத்துக்கு வெல்டராக அவன் கிளம்பியபோது அந்த இன்ஜினுக்கு ஆஸ்துமா. டோலோன் கணவாயில் லாரிக்காரர்கள் அதைப் பார்த்துக் கையசைத்துவிட்டுத் தாண்டிப் போவார்கள். சுரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்த அவன், போனிலேயே அதற்கு வைத்தியம் ஆரம்பித்தான். "புது சாமானெல்லாம் நமக்குக் கட்டாது. பழைய சாமான் சந்தைக்குப் போ." ஒரு அளவு பெரிய சைலன்சர் குழாய். நொறுங்கிப்போன இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய ஏர் பில்டர் பெட்டி. நல்ல பிளக் நாலு. பள்ளியில் கணக்கு டீச்சரான புருல், விரல் முட்டி தேய எல்லாவற்றையும் தானே மாட்டினாள்.

இந்த மூன்று வருடத்தில் 'உன் நினைப்பா இருக்கு' என்று ஒரு தடவை அவன் சொன்னதில்லை. "பிளக் நுனி என்ன நிறத்துல இருக்கு? போட்டோ அனுப்பு" என்பான். அவளும் அனுப்புவாள்.

கடைசியாக, போன மே மாதம், டைமிங்: பிளக்கில் பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்ற கணக்கு. போனை இன்ஜின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அதைத் தீர்மானிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாக அவள் திருப்ப, நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அவன் கேட்டுக்கொண்டிருந்தான். "இன்னும்... இன்னும் கொஞ்சம்... போதும்! பாடுது பாரு!" அந்தப் 'போதும்' என்ற சொல்லில் அவன் குரல் உடைந்தது. அதே இடத்தில் நகப்பூச்சால் வெள்ளைக் கோடு போட்டு வைத்தாள்.

இன்றைக்கு டோலோன் கணவாயை வண்டி மூச்சு வாங்காமல் ஏறியது. இந்த முறை கையசைத்தது அவள். கொச்கோர் ஊர் பின்னால் போனது. ஏரிக்கரையிலிருக்கும் பாலிக்சியில் மீன்காரர்கள் கூப்பிட்டார்கள்; நிற்கவில்லை. பூம் பள்ளத்தாக்கு சரசரவென்று கீழே இறக்கிவிட்டது.

டோக்மோக் தாண்டியதும் சமவெளி வெயில் ஜன்னல் வழியே அறைந்தது. முப்பத்தொன்பது டிகிரி. முன்னால் போன வைக்கோல் லாரியைத் தாண்ட ஆக்ஸிலேட்டரை மிதித்தாள்.

கடகடகடகட!

தகர டப்பாவில் சரளைக்கல்லைக் குலுக்கியது போல. காலை எடுத்தாள், நின்றது. மிதித்தாள், மறுபடி கடகட. சாலையோரத் தர்பூசணிக் கடை முன் நிறுத்தினாள். மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. எர்மெக் இன்னும் வானத்தில்.

தொந்தி பெருத்த கடைக்காரர் கத்தியோடு எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, கல்லு குவாரியவே உள்ள ஏத்திட்டு வந்தியா? எந்த ஊரு?"

"நாரின்."

"டைமிங்க எங்க வச்சு செட் பண்ணின?"

"வீட்டு வாசல்ல."

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "மலைக்காரங்க எல்லாருக்கும் இதே கூத்து! போன மாசம் ஒருத்தன் பிஸ்டன்ல ஓட்டை போட்டுக்கிட்டு இங்கதான் குந்தியிருந்தான். மூணு நாளு என் பழந்தான் அவனுக்குச் சோறு. மேல காத்து லேசும்மா, டைமிங்க எவ்வளவு முன்ன தள்ளினாலும் இன்ஜின் தாங்கும். இங்க காத்து கனம், வெயில் வேற. பின்னால இழுத்து வை."

"இழுத்தா வேகம் போயிடுமே அண்ணே. எனக்கு நேரமில்ல."

"இழுத்தா வேகம் கொஞ்சம் போகும். இழுக்கலன்னா வண்டியே போகும்."

பானெட்டைத் திறந்தாள். அனல். அதற்குள் அந்த வெள்ளைக் கோடு. ஸ்பேனரை வைத்த கை அப்படியே நின்றது. அது எர்மெக் 'போதும்' என்ற இடம். மே மாதத்திலிருந்து அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நாட்களை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அதை நகர்த்த வேண்டும். நகர்த்தினால் எங்கே நிறுத்துவது என்று சொல்ல அவன் இல்லை.

போல்ட்டைத் தளர்த்தினாள். கொஞ்சம் திருப்பி ஓட்டிப் பார்த்தாள். கடகட. மறுபடி. இன்னும் லேசாகக் கடகட. விரல் சுட்டது. மூன்றாவது தடவை காதைக் கூர்மையாக்கிக்கொண்டு மிதித்தாள். சத்தமில்லை.

"புருஷன் கத்துக் குடுத்தாரா?" என்றார் கடைக்காரர்.

"அவரு தப்பா கத்துக் குடுத்தாரு. நான் திருத்திக்கிட்டேன்."

வேகம் குறைந்துபோன வண்டிக்கு அதற்கப்புறம் எந்த லாரியும் வழிவிடவில்லை. நகர நெரிசல் வேறு கழுத்தைப் பிடித்தது. விமான நிலைய வாசலில் போய் நின்றபோது மணி மூன்று இரண்டு.

தூண் ஓரமாக நின்றான் எர்மெக். இளைத்திருந்தான். தாடியில் நரை. ஓடி வந்தவன், அவளைப் பார்த்துவிட்டு அவள் தோளுக்கு மேலே வண்டியைப் பார்த்தான்.

"சத்தமே வேற மாதிரி இருக்கே? டைமிங்க..."

"இந்தாங்க! வண்டியப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை பேசினீங்க, இப்படியே நாரினுக்குத் திரும்பிடுவேன்."

வாயை மூடிக்கொண்டான். திறந்தான். இத்தனை நாளும் பிளக்கும் குழாயும்தான் அவனுக்காகப் பேசின. அதைப் பிடுங்கிவிட்டால் அவனிடம் கைவசம் ஒரு சொல்லும் இல்லை. ஒரு நிமிடம் போனது. இரண்டாவதும் போனது. புருல் உதவிக்கு வரவில்லை, காத்திருந்தாள்.

அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அங்க ஒரு ரொட்டிக் கடை இருக்கு. அந்தத் தெரு வழியாப் போறதையே விட்டுட்டேன், புருல். வாசனை வந்தா, நீ அடுப்பு பக்கத்துல நிக்கிற மாதிரியே இருக்கு. அப்புறம் அன்னைக்கு வேலையே ஓடாது."

அவள் கண்ணைத் துடைத்தாள். கன்னத்தில் கிரீஸ் தீற்றியது.

"அப்புறம்?" என்றாள்.

இன்னும் இருபத்து நாலு நிமிடம் இருந்தது.