ஆரோக்கியராஜின் கை வேலைக்குப் போன கதை

ஆரோக்கியராஜின் வலது கை, மணிக்கட்டோடு துண்டாகிப்போன மறுநாள் காலை, சங்கு ஊதுவதற்கு முன்பே மில்லுக்கு வந்து, கேட்டில் இருந்த கைரேகை மிஷினில் கட்டைவிரலை வைத்துவிட்டு உள்ளே போனது. திண்டிவனத்தைத் தாண்டி மரக்காணம் ரோட்டில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைத்து எண்ணெய் ஆட்டுகிற மில் அது. வாட்ச்மேன் பார்த்தார், நேரத்துக்கு வந்திருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. கை விரல்களால் நடந்துபோய், முந்தின நாள் தன்னைக் கடித்துத் துப்பிய பெல்ட்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, பருப்பில் கல் பொறுக்க உட்கார்ந்தது. டீக்குப் போகவில்லை, பீடி பற்ற வைக்கவில்லை, போனஸ் பற்றிப் பேச அதற்கு வாயும் இல்லை. மானேஜர் கோகுலகிருஷ்ணனுக்கு இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு தொழிலாளி வாய்த்ததேயில்லை.

கையைத் தவிர்த்த மீதி ஆரோக்கியராஜ், பிரம்மதேசத்தில் வீட்டில் கட்டோடு படுத்திருந்தான். காயம் ஆறும்வரை மூட்டைப் பக்கம் போகக் கூடாது, சீழ் பிடித்தால் முழங்கை வரை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படிப் படுத்திருக்கும் நாட்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாகப் பணம் தரத்தான் காப்பீடு. அலுவலகம் விழுப்புரத்தில். காயம்பட்டவன் அந்த நாட்களில் வேலைக்கு வரவில்லை என்று மில் எழுதித் தந்தால் போதும். மில் எழுதித் தந்தது: ‘ஒருநாள்கூடத் தவறாமல் வருகிறார்.’ அப்படியானால் சம்பளம்? அதையும் நியாயமாகவே யோசித்திருந்தார்கள். கையை மல்லாட்டைத் தராசில் நிறுத்தி, முழு ஆளின் எடையில் அது எத்தனை பங்கோ அத்தனை பங்கு சம்பளம். அது ஆரோக்கியராஜின் மாத்திரைக்கே போதவில்லை.

அவன் மனைவி சவுரியம்மாள் மில்லுக்குப் போனாள்.

“இன்னா சார் இது? ஆளு வூட்ல படுத்துகினு கெடக்குறாரு, வந்துட்டாருன்னு எழுதிக்கினு இருக்கீங்க?”

“மிஷின் பொய் சொல்லாதும்மா. ரேகை அவரோடதா, இல்லியா?”

“அவரோடதுதான். ரேகைக்கு வயிறு இல்ல சார். அவருக்கு இருக்குது.”

கோகுலகிருஷ்ணன், நம் மில் ஒரு குடும்பம் என்பதிலிருந்து தொடங்கி உழைப்பின் மகிமை வரை பேசினார். மைக் இல்லாதது ஒன்றுதான் குறை. அவர் பேசி முடிப்பதற்குள் சவுரியம்மாள் கையிடம் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். அது அவள் சுண்டுவிரலை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு, மறுபடி கல் பொறுக்கப் போய்விட்டது. முழு ஆளாக இருந்தபோதும் இதே புத்திதான் என்று திட்டிக்கொண்டே அவள் வீடு திரும்பினாள்.

“திங்கக்கெழம மூட்ட தூக்கப் போறேன். எடது கை இருக்குதே” என்றான் ஆரோக்கியராஜ்.

“போய்யா, போயி அதையும் குடுத்துட்டு வா. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தொணையா வேலைக்குப் போய் வரட்டும்.”

அந்த வாரம் ஆயுத பூஜை வந்தது. மில்லில் மிஷின்களைக் கழுவி, பெல்ட்டுக்கு மாலை போட்டு, ஸ்பேனர், சுத்தியல், தராசுப் படிக்கல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பொட்டு வைப்பார்கள். கோகுலகிருஷ்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கையைத் தூக்கி ஸ்பேனருக்கும் படிக்கல்லுக்கும் நடுவில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சாமந்தி சுற்றி, “இதுதான் நம் மில்லின் தலைசிறந்த கருவி” என்று கண்கலங்கப் பேசினார். அந்தப் பேச்சை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்தார். பொரிப் பொட்டலம் வாங்க வந்திருந்த சவுரியம்மாள், பொரியை மென்றபடி முழுப் பேச்சையும் கேட்டாள். அவர் பேச்சைக் கடைசிவரை கேட்ட முதல் ஆள் அவள்தான்.

லீவு முடிந்ததும் விழுப்புரம் பஸ் ஏறினாள். காப்பீட்டு அலுவலகத்தில் பிரபாவதி மேடம், அவள் போனில் காட்டிய வீடியோவைக் கண்ணாடி போட்டு ஒருமுறை, கழற்றி ஒருமுறை பார்த்தார். கை தனியாக வேலைக்குப் போவதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஸீட்டில் இதைவிடப் பெரியதெல்லாம் பார்த்தாயிற்று. போனை எடுத்தார்.

“சார், நீங்க பொட்டு வச்சது ஆளுக்கா, சாமானுக்கா? ஆளுன்னா முழுச் சம்பளம் குடுக்கணும். சாமானுன்னா, சாமானுக்கு ஏது சார் அட்டெண்டன்ஸ்?”

மறுமுனையில் கோகுலகிருஷ்ணன் முழுச் சம்பளத்தை நினைத்துப் பார்த்தார். உழைப்பின் மகிமை ஞாபகத்துக்கு வரவில்லை. “சாமான்தான் மேடம்” என்றார்.

ஆள் வரவில்லை என்று மில் மாற்றி எழுதித் தந்தது. கைரேகை மிஷினிலிருந்து ஆரோக்கியராஜின் பெயரை எடுத்தார்கள். மறுநாள் காலை கட்டைவிரலை வைத்தபோது மிஷின் சிவப்பு விளக்குக் காட்டியது. கை கொஞ்ச நேரம் கேட்டிலேயே நின்றது. பிறகு பிரம்மதேசம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிக்கொண்டது. கண்டக்டர் லக்கேஜ் போடலாமா என்று யோசித்துவிட்டு, சந்தனம் இட்டிருந்ததைப் பார்த்துச் சும்மா விட்டுவிட்டார்.

பணம் வரத் தொடங்கியது. திங்கட்கிழமை ஆரோக்கியராஜ் மூட்டை தூக்கப் போகவில்லை. காயம் ஆறும்வரை எந்தத் திங்கட்கிழமையும் போகவில்லை. கையும் அவன் பக்கத்திலேயே, கட்டுப் போட்ட மணிக்கட்டுக்கு நேராக, பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. விடியற்காலையில் சங்கு ஊதுகிற நேரத்துக்கு மட்டும் கட்டைவிரல் லேசாக அசையும். “தூங்கு” என்று சவுரியம்மாள் போர்வையை அதற்கும் சேர்த்து இழுத்து விடுவாள்.