இரண்டாவது சீட்டு

...எதிர்வரிசை லாக்லனின் நான்கு பேரும் வந்தால் அறுபத்தாறு வாக்கு, வராவிட்டால் அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு என்றால் தோற்றுவிடுவோம், பல் துலக்கும்போதும் இதே கணக்கு, பேருந்தில் வரும்போதும் இதே கணக்கு, நாடாளுமன்ற அவைக்குள் வந்து என் இருக்கையில் உட்கார்ந்து மேசையில் வைத்த கைப்பேசி வேலை செய்கிறதா என்று மூன்றாவது முறை தட்டிப் பார்க்கும்போதும் அந்த நான்கு பேர்தான், காலையில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் லாக்லன் பிரிங்கிள் என்று சொல்லியிருப்பேன். அன்று மருத்துவச் சேவை மசோதாவின் கடைசிக் கட்டம். அதில் முப்பத்தோராம் திருத்தம் என்னுடையது, மூன்றே வரி, எழுத இரண்டு வருஷம் ஆனது. தீவுகளிலிருந்து பெருநிலத்து மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொரு நோயாளிக்கும் அரசு இரண்டு பயணச்சீட்டு கொடுக்க வேண்டும், ஒன்று அவருக்கு, ஒன்று கூடப் போகிறவருக்கு. என் கணவர் எர்லெண்ட் ஒரு சீட்டோடு போனவர். எங்கள் ஆர்க்னித் தீவிலிருந்து பெருநிலத்து அபர்டீனுக்கு, ஏப்ரல் மாதத்தில். ஒன்பதாம் நாள் எனக்கு உடனே வரச் சொல்லித் தொலைபேசி வந்தது, பத்தாம் நாள் மூடுபனி, விமானம் எழும்பவில்லை... அதற்கு மேல் அந்த இடத்தில் நான் நிற்பதில்லை. கூட்டங்களில் சொல்லும்போதும் மூடுபனியோடு நிறுத்திக்கொள்வேன், கேட்கிறவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

எங்கள் கட்சிக் கொறடா ரோனா பத்து மணிக்கே வந்து என் பின்னால் குனிந்து, லாக்லன் பிடி கொடுக்கவில்லை, அவனுடைய திருத்தம் ஏற்கப்பட்டால்தான் உங்களுடையதற்குக் கை கொடுப்பானாம் என்றாள். அவனுடைய திருத்தம் முப்பத்தொன்று ஏ. என் மூன்று வரிக்குள் ஒரு சிறு துண்டைச் செருகுவது, ‘நோயாளி கேட்டுக்கொண்டால்’. அவ்வளவுதான். கேட்டால் இரண்டாவது சீட்டு, கேட்காவிட்டால் ஒன்று. பார்க்க எவ்வளவு சாது, அந்தத் துண்டைக் கொளுத்தி அந்தத் தீயில் ரொட்டி சுடுவேன் என்று நான் சொன்னதாக ரோனா இன்றைக்கும் சொல்லித் திரிகிறாள், சொல்லியிருப்பேன். எங்கள் தீவில் யாரும் எதையும் கேட்பதில்லை, அதுதான் விஷயம். விருந்துக்குப் போனால் உப்பு எட்டாவிட்டால் உப்பில்லாமலே சாப்பிட்டு வருவோம். பக்கத்து வீட்டு ஏணி வேண்டுமென்றால் ஏணியைப் பற்றிப் பேச மாட்டோம், கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசுவோம், அவர்களாகக் கொண்டுவந்து சாத்தும் வரைக்கும். நான் பதினேழு வருஷம் நடமாடும் நூலக வண்டி ஓட்டியவள், ஒருத்தர் வாய் திறந்து இந்தப் புத்தகம் வேண்டும் என்று கேட்டதில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தட்டுகளைப் பார்த்தபடி நிற்பார்கள், முகத்தைப் பார்த்து நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். இந்த ஜனங்களிடம் போய், அதுவும் நோயில் படுத்திருக்கும்போது, கேட்டால் கொடுப்போம் என்றால் அது கொடுப்பதா, கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் நாயைக் கட்டுவது.

காலையில் வேறொரு விவாதம், அவ்வளவு மோசமில்லை. கடற்பாசி அறுப்பது பற்றி ஒருவர் பத்து நிமிஷம் பேசினார், இன்னொருவர் எழுந்து, மாண்புமிகு உறுப்பினர் கடலைக் கடைசியாக எப்போது பார்த்தார் என்று கேட்டார், சபாநாயகர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மதியம் உணவகத்தில் பருப்பு சூப்பும் மக்கரோனி அடைத்த பேஸ்ட்ரியும், எனக்கு சூப் மட்டும் இறங்கியது. எர்லெண்டுக்கு இந்த அவை என்றால் உயிர். நான் உறுப்பினராவதற்கு வெகு முன்பே, ஊரே கால்பந்து பார்க்கும்போது அவர் தொலைக்காட்சியில் அவையைப் பார்ப்பார், அதிலும் வாக்கெடுப்பை, அதிலும் வாக்கெடுப்பு முடிந்தபின் வரும் அந்தக் கூத்தை. வாக்குப் போடும் கைப்பேசிச் செயலி இணைந்ததா இல்லையா என்று சந்தேகப்பட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, ஒழுங்குப் பிரச்சினை, சபாநாயகர் அவர்களே, என் செயலி இணையவில்லை, ஆம் என்றுதான் வாக்களித்திருப்பேன் என்பார்கள், சபாநாயகர் பொறுமையாக, உங்கள் வாக்கு பதிவாகிவிட்டது, உட்காருங்கள் என்பார், உடனே அடுத்தவர் எழுவார். எர்லெண்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். கொஞ்ச நாளில் அது எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. காலை மேசையில் திடீரென்று எழுந்து நின்று, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, சபாநாயகருக்குப் பதில் என் பெயரைச் சொல்லி, “ஒழுங்குப் பிரச்சினை, இங்கா. என் செயலி இணையல. ரெண்டாவது முட்டைக்கு ஆம்னுதான் போட்டிருப்பேன்” என்பார். யோசித்துப் பார்த்தால் முப்பத்தோரு வருஷத்தில் அவர் என்னிடம் எதையாவது கேட்டார் என்றால் அப்படித்தான் கேட்டார், வேடிக்கை கட்டிக்கொண்டு, இல்லையென்று சொன்னாலும் வெறும் வேடிக்கைதான் என்று ஆகிவிடும்படி.

மூன்று மணிக்கு என் முறை. பேசினேன், நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன், ஏணி, உப்பு எல்லாம் சொன்னேன், எதிர்வரிசையிலும் சிரித்தார்கள், பிறகு எர்லெண்டைச் சொன்னேன், ஒரு சீட்டுத்தான் தருவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்றேன், மூடுபனியில் நிறுத்தினேன். அடுத்து லாக்லன் எழுந்தான். தெற்கு எல்லைப்புறத்துக்காரன், எங்களைப் போல அவனும் ஆடு வளர்ப்பவன், கன்னம் சிவந்த பெரிய உடம்பு, அவை நடைபாதையில் என்னைப் பார்த்தால் ஆட்டு நோய்களைப் பற்றித்தான் பேசுவான், எனக்குப் பிடித்த எதிரி. உறுப்பினர் சொன்ன துயரத்துக்கு என் தலை வணக்கம் என்று ஆரம்பித்தான், அது நடிப்பில்லை. பிறகு ஒரு தாளைத் தூக்கிக் காட்டினான். இது இப்போது நோயாளி நிரப்பும் படிவம், நான்காம் பக்கத்தில் கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது, கூட ஒருவர் வர வேண்டுமா என்று, வேண்டுமென்றால் குறி போட வேண்டும், பத்தில் ஒன்பது பேர் குறி போடுவதே இல்லை, போட்டவர்களில் மறுக்கப்பட்டவர்கள் மிகச் சிலர் என்றான். ஆகவே கட்டத்தை எடுத்துவிடாதீர்கள், குறி போட்ட எவருக்கும் மறுக்கக்கூடாது என்று சட்டமாக்குங்கள், அதற்கு நான் வருகிறேன்... அதற்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. கட்டமா. என்ன கட்டம். விதிகளைப் படித்திருக்கிறேன், தீவுக்காரர்கள் எழுதிய எழுநூறு கடிதங்கள் படித்திருக்கிறேன், அந்தப் படிவம் என் கோப்பிலும் இருந்திருக்கும், ஆனால் அபர்டீன் என்று மேலே எழுதிய பக்கங்களை நான் புரட்டுவதில்லை, உதவியாளர் படித்துச் சொன்னால் போதும் என்று வைத்திருந்தேன். எர்லெண்ட் அந்தப் படிவத்தை எங்கே நிரப்பினார், தாதியின் அறையில், தனியாக, நான் வண்டியில் உட்கார்ந்து அந்த வாரம் வந்த புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து வண்டிக் கதவைச் சாத்தினார். “ஒரு சீட்டுதான் குடுப்பாங்களாம். விடு, நீ குட்டிகளப் பாரு, இந்த வாரம் நாப்பது ஆடு ஈனும்.” நான் அந்த அலுவலகத்தைத் திட்டினேன், வழியெல்லாம் திட்டினேன், அவர் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்... எதற்குச் சீட்டியடித்தார். குடுப்பாங்களாம் என்றால் யார் சொன்னது, கேட்டாரா, கேட்டு மறுத்தார்களா, அந்த மிகச் சிலரில் ஒருவரா, இல்லை பேனாவைக் கட்டத்துக்கு மேல் கொண்டுபோய், நாற்பது ஆட்டை நினைத்து, என்னை நினைத்து, மூடி போட்டுவிட்டாரா.

மணி அடித்தது. முதல் வாக்கெடுப்புக்கு முன்னால் ஐந்து நிமிஷம் இடைவேளை, உறுப்பினர்கள் எங்கிருந்தாலும் ஓடிவர வேண்டும், தேநீர்க் கோப்பையோடு சிலர், கோட்டின் ஒரு கை மட்டும் போட்டபடி ஒருவர். லாக்லன் அவையைக் கடந்து நேராக என்னிடம் வந்து பக்கத்து இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்தான்.

“என்ன இங்கா, என்னைக் கொன்னுடலாமான்னு பாக்குறீங்களா?”

“மணி அடிக்குதேன்னு யோசிக்கிறேன். அஞ்சு நிமிஷத்துல முடியாது.”

“இங்க பாருங்க, கேக்க வாய் வராதவங்களுக்காகப் பேசுறீங்க, சரி. ஆனா வேணாம்னு நெனைக்கிறவனும் இருப்பான்ல. எங்க அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப எங்க யாரையும் கூட வரவிடல. அவன் அழுதா நாங்க பாக்கக்கூடாதாம். ரெண்டு சீட்டு கையில குடுத்திருந்தா வேற வழியில்லாம எங்களை இழுத்துட்டுப் போயிருப்பான்.”

“வேணாம்னு நெனைக்கிறவனா, கேக்கத் தெரியாதவனான்னு அந்தக் கட்டத்தைப் பாத்தா எப்பிடித் தெரியும்?”

“தெரியாது” என்றான். பொய் சொல்லத் தெரியாத முகம் அது. “அதுக்கெல்லாம் சட்டம் போட முடியாது, இங்கா.” எழுந்தவன், சட்டைப்பையிலிருந்து சர்க்கரைக் கட்டி மிட்டாய் ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான், அவனுடைய அக்கா செய்தது, பல்லில் ஒட்டும், நான் கேட்கவில்லை.

முதலில் முப்பத்தொன்று ஏ. திரையில் ஒரு நிமிஷம் ஓட ஆரம்பித்தது. ரோனா முன்வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள், நான் எப்படிப் போடுகிறேனோ அப்படித்தான் எங்களில் பாதிப்பேர் போடுவார்கள். இல்லை என்றால் என் மூன்று வரி சுத்தமாக இருக்கும், சுத்தமாகத் தோற்கும். ஆம் என்றால் ஜெயிக்கும், ஆனால் எர்லெண்டுக்கு உதவாத சட்டமாக ஜெயிக்கும், ஒருவேளை... ஒருவேளை எர்லெண்ட் நினைத்தபடியே. அவர் வேண்டாமென்று நினைத்திருந்தால் நான் இரண்டு வருஷமாக எழுதியது அவரை மீறி அவரோடு ஏறிக்கொள்ள ஒரு வழி. ஏறியிருப்பேன், இப்போது கேட்டாலும் ஏறுவேன், ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசியிருப்பேன், அது அவருக்குத் தெரியும்... நாற்பது வினாடி, ஐம்பது, கட்டை விரலை வைத்தேன், ஆம். திரை சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நேரம் முடிந்தது என்றது. எனக்கு முன்னால் ஐந்து பேர் எழுந்துவிட்டார்கள், ஒவ்வொருவராகச் செயலி, செயலி என்றார்கள், கடைசியில் நானும் எழுந்தேன், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன், என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தைச் சொன்னேன், பாதி சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, அவை முழுக்க விஷயம் தெரியாமலே கூடச் சிரித்தது. உங்கள் வாக்கு பதிவாகிவிட்டது, உட்காருங்கள் என்றார் சபாநாயகர் அம்மா. முப்பத்தொன்று ஏ நிறைவேறியது. அடுத்த நிமிஷம் முப்பத்தொன்று, ஆம் அறுபத்தாறு, இல்லை ஐம்பத்தொன்பது. எதிரே லாக்லன் மேசையைத் தட்டினான், அவனுடைய கொறடா அவனை முறைத்தார்.

ஐந்து மணிக்கு மசோதா முழுவதற்கும் கடைசி வாக்கெடுப்பு, அதுவும் முடிந்தது, கைதட்டல், ரோனா ஓடிவந்து கட்டிக்கொண்டு, “எர்லெண்ட் இருந்திருந்தா...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பரவாயில்லை என்று முதுகில் தட்டினேன், இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதுதான் எனக்கும் தெரியவில்லை. வெளியே வந்தால் குன்றின் மேல் இன்னும் வெயில், புல்வெளியில் யாரோ பந்து எறிய ஒரு நாய் அதைப் பிடிக்காமல் யாரோ ஒருவரின் சாண்ட்விச்சைப் பிடித்தது, நான் நடந்தேன். நான்கு வருஷமாக, ஒரு சீட்டுத்தான் என்று சொன்ன ஒரு அதிகாரியோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், முகம் தெரியாத ஆளுக்கு நானே ஒரு மீசை கூட வைத்திருந்தேன், கூட்டத்துக்குக் கூட்டம் அந்த மீசை வளர்ந்தது. அவர் இருந்தாரா என்பதே இப்போது சந்தேகம். இருந்திருக்கலாம். இல்லாவிட்டால், அந்த அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எர்லெண்ட், பேனாவைப் பைக்குள் செருகியபடி... பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து நகர்ந்து நின்றபோதுதான் என் உதடு அசைகிறது என்று தெரிந்தது. நாப்பது ஆட்டுக்கு என்னைவிட்டா ஊர்ல ஆளே இல்லையா, ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு என்று திட்டிக்கொண்டிருந்தேன், சத்தமாகவே. அவர் போனதிலிருந்து அவருக்காகத்தான் பேசியிருக்கிறேன், அவரோடு பேசியதில்லை. பேருந்து வந்தது, ஏறினேன், ஜன்னலோரம் காலியாக இருந்தது, உட்கார்ந்து, அவரோடான சண்டையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன், நியாயம் யார் பக்கம் என்று எனக்குத் தெரியாது.