ஏழாவது வார்டின் குறைகள்

தையல்காரம்மா ஏழாவது வார்டு கவுன்சிலராகப் பதவியேற்ற அன்று மாலை, வார்டில் எரியாமல் கிடந்த பதினான்கு தெருவிளக்குகளின் இருட்டும் அவள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மின்சாரம் இருந்தது, பல்பும் எரிந்தது, வெளிச்சம்தான் இல்லை. தப்பு அவளுடையதுதான். அச்சடித்த உறுதிமொழியை வாசித்து முடித்தவள், தைத்த துணியை மடித்துக் கொடுக்கும்போது இருபது வருஷமாகச் சொல்லிவந்ததைப் பழக்கதோஷத்தில் மைக்கிலும் சொல்லிவிட்டாள்: "ஏதாவது குறை இருந்தா நேரா என்கிட்டயே கொண்டு வந்துருங்க." குறைகள் சொன்ன பேச்சைக் கேட்டன. இரண்டாவது தெருச் சாக்கடை அடைத்தால் அவள் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் இறங்காது. சந்தை முக்கில் பள்ளம் விழுந்தால் அவள் கூடத்தில் கால் இடறும். புருஷன் தலையில் அடித்துக்கொண்டு பிளம்பரைக் கூட்டிவந்தார். ஒன்றும் பலிக்கவில்லை. அவள் மனு எழுதி, பொறியாளரைக் கையோடு அழைத்துப் போய்க் காட்டி, மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டு, தெருவில் வேலை முடிந்த பிறகுதான் வீட்டுத் தொட்டி வடியும்.

மூன்றாம் வருஷம் படுக்கையறைச் சுவரில் ஒரு விரிசல் விட்டது. காதை வைத்தால் உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது கேட்டது. பொறியாளர் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தட்டிப் பார்த்தார். புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர், ஒரு கீறல் இல்லை. அவளோ தினமும் காலையில் இஞ்ச் டேப்பை வைத்து விரிசலை அளந்தாள். அளவு கூடிக்கொண்டே போனது, அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி இரண்டு கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தாள், இரண்டிலும் தோற்றாள். மூன்றாவது கூட்டத்துக்கு முன்னால் மன்றத் தலைவரை வீட்டுக்கே இழுத்துவந்து சுவரோரம் நிறுத்தினாள். சலித்துக்கொண்டே சுவரில் வைத்த காதை அவர் வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"ஏம்மா, இதுல என் பேத்தி குரலும் கேக்குதே!"

அன்றைக்கே உத்தரவு போட்டார். வியாழக்கிழமை பிள்ளைகள் சந்தைக் கட்டிட மாடிக்கு மாறினார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு இரண்டு சுவர்களும் ஒன்றாக விழுந்தன. பள்ளிக்கூடத்தில் நாற்பது பெஞ்சு நசுங்கியது, அவள் வீட்டில் ஒரு கட்டில். அவள் அந்தச் செங்கல் குவியலைத் தொட்டுக் கும்பிட்டு, வாய்விட்டு அழுதாள்.

பதவிக்காலம் முடிந்தது. அவள் மறுபடி நிற்கவில்லை. அடுத்து வந்த சைக்கிள் கடைக்காரர் உறுதிமொழியில் அச்சடித்ததற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிவிட்டார். அந்த வருஷ மழையில், தையல்காரம்மா வீட்டுக் கூரையில் மிஷினுக்கு நேர் மேலே மூன்று ஓடுகள் உடைந்தன. அவளுக்கு அது தெரியாது. மழை விட்ட மறுநாள் காலையில் பார்த்தால், வாசலில் ஏணியும் ஓடுமாகப் பாதி வார்டு நிற்கிறது. தலைமையாசிரியர் வேட்டியை மடித்துக் கட்டி ஏற்கெனவே பாதி ஏணி ஏறியிருந்தார்.

"சார், எங்க வீடு ஒழுகவே இல்லையே!"

"தெரியும்மா. எங்க வீடெல்லாம்தான் ஒழுகிச்சு."

அவள் அத்தனை பேருக்கும் டீ போட அடுப்பைப் பற்றவைத்தாள். கடைசி ஓடு உட்கார்ந்ததும் வார்டு முழுக்க ஒழுகலுக்கு வைத்திருந்த பாத்திரங்களை அவரவர் எடுத்துக் கவிழ்த்துவிட்டு, வேலைக்குக் கிளம்பினார்கள்.