இரண்டு பெட்டிகளுக்கும் முதலிடம்

ஸ்வீடனில், கோதன்பர்க் நகரின் அந்தச் சிறிய நிறுவனத்தில் யாரும் யாரையும் மறுத்துப் பேசியது கிடையாது. ஒருவர் சொன்னது பிடிக்கவில்லை என்றால், "அதையும் அப்படிப் பார்க்கலாம்" என்பார்கள். அறவே பிடிக்கவில்லை என்றால், "சுவாரசியமா இருக்கே" என்பார்கள். தூவா எக்கெலுண்ட் நிரல் எழுதும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தன் யோசனைகள் எல்லாமே சுவாரசியமாக இருப்பதாக நம்பி ஒரு மாதம் மகிழ்ச்சியாக இருந்தாள்.

அவளுக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம். அது முடிவதற்குள் "நீ வேண்டாம்" என்று நிறுவனம் வாய் திறந்து சொல்ல வேண்டும். யாரும் எதுவும் சொல்லாமல் நாள் கடந்துவிட்டால், சட்டப்படி வேலை தானாகவே நிரந்தரம். மே மாதக் கடைசி நாள் கெடு. நிரந்தர வேலைக்கான தாள் இல்லாமல் அந்த ஊரில் யாரும் வாடகைக்கு வீடு தர மாட்டார்கள். தூவா தன் முன்னாள் காதலனின் வீட்டில், அவனுடைய புதுக் காதலி தையல் இயந்திரம் வைத்திருந்த அறையில் படுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அதிகாலையில் தைக்கிறவள். ஆகவே மே முடியும்வரை எதற்கும் தலையாட்டுவது என்று தூவா முடிவு செய்திருந்தாள்.

நிறுவனம் தயாரித்தது சலவை அறைக்கு நேரம் பதியும் செயலி. அடுக்குமாடிக் கட்டடங்களின் நிலவறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவாகத் துவைக்கும் இயந்திரங்கள் இருக்கும்; முறை போட்டுத்தான் துவைக்க வேண்டும். மாடிப்படியில் பார்த்தால் வானிலை பற்றிப் பேசி நகரும் மனிதர்கள், சலவை அறைக் கதவில் ஒட்டும் சீட்டுகளில்தான் தங்கள் உண்மையான குணத்தைக் காட்டுவார்கள்.

செயலியின் முதல் திரையில் இரண்டே பெட்டிகள். ஒன்று வீட்டு எண்ணுக்கு, இன்னொன்று தேதிக்கு. தகராறு அங்கேதான் தொடங்கியது: ஃபோகஸ் முதலில் எந்தப் பெட்டிக்கு?

ஃபோகஸ் என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஃபோன் திரையில் எத்தனை பெட்டிகள் இருந்தாலும், நீங்கள் தட்டும் எழுத்து அவற்றில் ஒன்றுக்குத்தான் போகும். எந்தப் பெட்டிக்குள் சின்னக் கோடு ஒன்று துடிக்கிறதோ, அதுதான் அந்த நேரத்தில் உங்களுக்குக் காது கொடுக்கும் பெட்டி. அந்த உரிமையின் பெயர்தான் ஃபோகஸ். உரிமை வந்ததும் திரையின் அடியிலிருந்து விசைப்பலகை எழும்பும். எண் கேட்கும் பெட்டிக்கு எண்கள், சொல் கேட்கும் பெட்டிக்கு எழுத்துகள். உரிமை போனால் பலகை இறங்கிவிடும். எப்போது யாருக்குக் கொடுப்பது, எப்போது விடுவது என்பதை நிரல் எழுதுபவர் யோசித்து வைக்க வேண்டும். சரியாகச் செய்தால், அப்படி ஒரு வேலை நடந்ததே யாருக்கும் தெரியாது. அவ்வளவு அழகான வேலை.

"திரை திறந்ததுமே கோடு தேதிப் பெட்டியில துடிக்கணும்," என்றாள் பெட்ரோனெல்லா வீக். செயலி எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவள் அவள். "துவைக்க வர்றவங்களுக்கு அவசரம். 'வியாழன் சாயங்காலம்'னு தட்டிட்டுப் போயிடுவாங்க. அந்தப் பெட்டி காலியா இருக்கறப்போ கோடு வேற எங்க போனாலும், தேதிக்கே திரும்பி வந்துடணும்."

"சுவாரசியமா இருக்கே," என்றான் பாதுகாப்புக்குப் பொறுப்பான யோஸ்டா ஆல்மார்க். "ஆனா எந்த வீடுன்னே தெரியாம தேதியைக் கேட்டு என்ன பண்றது? எண்ணைப் போடாம யாரும் அந்தப் பெட்டியை விட்டு நகரவே கூடாது. நகர்ந்தா, எண் பெட்டி கோட்டைத் திரும்பப் பிடுங்கிக்கணும்."

"அதையும் அப்படிப் பார்க்கலாம்."

இருவரும் அன்பாகச் சிரித்துக்கொண்டார்கள். வெளியாள் பார்த்தால் காதலர்கள் என்றே நினைத்திருப்பார்.

வழக்கம்போல மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கருத்துச் சொன்னார்கள். இரண்டிலும் ஒரு நியாயம் இருப்பதாக எல்லோரும் உணர்ந்தார்கள். தன் முறை வருவதற்குள் தூவாவின் மண்டைக்குள் அந்தத் திரை ஓடிவிட்டது. இரண்டு பெட்டியும் காலியாக இருந்தால்? தேதி பிடுங்கும். எண் இழக்கும், இழந்ததும் காலியாக இருப்பதால் திரும்பப் பிடுங்கும். இப்போது தேதி இழக்கும். அதுவும் காலி. அதுவும் பிடுங்கும். இதற்கு முடிவே கிடையாது.

"தூவா, உனக்கு எப்படித் தோணுது?"

தையல் இயந்திரத்தின் சத்தம் அவள் காதுக்குள் கடகடவென்று ஓடியது.

"ஓகே மாதிரிதான் தோணுது."

"அப்போ ரெண்டுமே முதல்!" என்றாள் பெட்ரோனெல்லா. ஒருவர்கூடத் தோற்காத கூட்டம். எல்லோரும் எழுந்துபோய் ஏலக்காய் பன் சாப்பிட்டார்கள்.

தூவா சொன்னபடியே எழுதினாள். அலுவலகத்தில் எல்லோருடைய ஃபோனிலும் அது ஒழுங்காகவே ஓடியது. காரணம் எளிது: முன்பே ஒருமுறை போட்ட வீட்டு எண்ணை அந்த ஃபோன்கள் நினைவில் வைத்திருந்தன. எண் பெட்டி காலியாக இல்லை, ஆகவே சண்டைக்கு வரவில்லை. புத்தம் புதிதாகச் செயலியை இறக்கிப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தூவாவுக்குத் தோன்றியது. அவள் பன் சாப்பிடப் போய்விட்டாள்.

மே மாத நடுவில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், தூவா, பெட்ரோனெல்லா, யோஸ்டா மூவரும் டிராமில் ஏறி மயோர்னா பகுதிக்குப் போனார்கள். அங்கே பெரிய குடியிருப்புச் சங்கம் ஒன்றின் தலைவி ரக்ன்ஹில்ட் டோர்ன்க்விஸ்ட், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். அவள் சரி என்றால் பக்கத்துக் கட்டடங்கள் எல்லாம் வாங்கிவிடும். அவர்களை நிலவறைக்கே அழைத்துப்போய், ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு தன் சொந்த ஃபோனை எடுத்தாள்.

"எங்க ஃபோன்லயே காட்டறோமே," என்றான் யோஸ்டா.

"உங்க ஃபோன்லயா நான் துவைக்கப் போறேன்?"

செயலி இறங்கியது. திரை திறந்தது. விசைப்பலகை எழும்பியது: எழுத்துகள். உடனே எண்கள். மறுபடி எழுத்துகள். எண்கள். எழுத்துகள். கோடு இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே பந்துபோலத் துள்ளியது. ரக்ன்ஹில்ட் ஓர் எண்ணைத் தட்டப் போனாள். விரல் இறங்குவதற்குள் அங்கே எழுத்து வந்து நின்றது.

"என்ன இது, விக்கல் எடுக்குது?"

"சுவாரசியமா இருக்கே," என்றாள் பெட்ரோனெல்லா, முகம் வெளுத்து.

"ஃபோன் கொஞ்சம் பழசோ?" என்றான் யோஸ்டா.

"போன மாசம்தான் வாங்கினேன். நீ போட்டிருக்கற ஸ்வெட்டர்தான் பழசு."

பெட்ரோனெல்லா தொண்டையைச் செருமினாள். "இதை ஒவ்வொருத்தரும் எப்படி உணர்றோம்னு ஒரு சுத்து பேசிடலாமா? ரக்ன்ஹில்ட், நீங்களும் கலந்துக்கலாம்."

"இங்கயா? சலவை அறையிலயா?"

பெட்ரோனெல்லா தொடங்கிவிட்டாள். பயன்படுத்துகிறவரின் அவசரத்தைப் பற்றிப் பேசினாள். யோஸ்டா பொறுப்புணர்வைப் பற்றிப் பேசினான். ஃபோன் ரக்ன்ஹில்டின் கையில் விக்கிக்கொண்டே இருந்தது. தூவா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தாள்.

சுவரில் பழைய பதிவுப் பலகை இருந்தது. தேதிக்கும் நேரத்துக்குமாக வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு சிறிய பூட்டு. அதன் சாவி அந்த வீட்டாரிடம். வேண்டிய நேரத்தின் துளையில் பூட்டைச் செருகித் திருகினால் அந்த நேரம் உங்களுடையது. வேறு நேரம் வேண்டுமானால் முதலில் இங்கிருந்து கழற்ற வேண்டும். ஒரு பூட்டு இரண்டு துளைகளில் இருக்க முடியாது, ஒரு துளையில் இரண்டு பூட்டு நுழையாது. பலகையைச் செய்தவர் யாரிடமும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

"தூவா, உனக்கு எப்படித் தோணுது?"

கெடுவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. 'ஓகே மாதிரி' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இது தப்பு," என்றது வாய். "ரெண்டு பெட்டிக்கும் முதலிடம் தர முடியாது. முதல்ல எண். அதைப் போட்டதும் கோடு தேதிக்குப் போகட்டும். காலியா விட்டா விடட்டும், யாரும் யாரையும் பிடிச்சு இழுக்க வேண்டாம். கடைசியில 'பதிவு செய்'னு அழுத்தறப்போ 'எண் எங்கே'ன்னு கேட்டாப் போதும்."

ரக்ன்ஹில்ட் இயந்திரத்தின் மேலிருந்து முழங்கையை எடுத்தாள்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டாள் ரக்ன்ஹில்ட்.

"கூட்டத்துல ஓகே மாதிரி தோணுதுன்னு சொல்லிட்டேன்."

"ஓகோ. 'வலிக்குதா'ன்னு கேட்டா 'ஓகே மாதிரி இருக்கு'ன்னு சொல்ற ஆளுங்க வாயிலதான் எப்பவும் சீழ் இருக்கும்." ஃபோனை அணைத்துப் பையில் போட்டாள். "இந்தப் பொண்ணு சொன்ன மாதிரி செஞ்சு கொண்டுவாங்க, கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் என் பலகை சுவர்லயே இருக்கட்டும்."

திரும்பும் டிராமில் பெட்ரோனெல்லா மெல்லச் சொன்னாள்: "இன்னிக்கு நீ ரொம்பத் தெளிவா பேசினே, தூவா."

"ஆமா, ரொம்ப ரொம்பத் தெளிவு," என்றான் யோஸ்டா, ஜன்னல் வழியே மழையைப் பார்த்தபடி.

கடைசியாக அந்த அலுவலகத்தில் தெளிவாகப் பேசியவருக்குப் பூங்கொத்து கொடுத்து வழியனுப்பியிருந்தார்கள்.

அந்த வாரமே இருவரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள் என்பது அவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது. அவளுக்கு விடைகொடுக்க வேண்டும். இனி யாராவது ஒருவர் அதை அவளிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

திங்களன்று தூவாவின் நாட்காட்டியில் ஓர் அழைப்பு வந்து விழுந்தது: 'உரையாடல். தூவா, யோஸ்டா.' மதியம் அது மறைந்து, 'உரையாடல். தூவா, பெட்ரோனெல்லா' என்று வந்தது. மறுநாள் அதுவும் போய் மறுபடி யோஸ்டா. ஆளைப் பற்றிய பேச்சைப் பெட்ரோனெல்லா நடத்துவதுதான் இயல்பு என்று யோஸ்டா உணர்ந்தான். நடத்தை பற்றிய பேச்சு பாதுகாப்பைச் சேர்ந்தது என்று பெட்ரோனெல்லா உணர்ந்தாள். யார் சொல்வது என்று பேச இருவரும் ஒரு கூட்டம் போட்டார்கள். மற்றவர் சொல்லிவிடுவார் என்ற நல்லுணர்வோடு கலைந்தார்கள்.

தூவா நாற்காலியில் சாய்ந்து நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோஸ்டா. பெட்ரோனெல்லா. யோஸ்டா. பெட்ரோனெல்லா. அவளுக்கு நன்றாகத் தெரிந்த கோளாறு. எங்கே தட்டினால் நிற்கும் என்பதும் தெரியும்: இருவரில் ஒருவரின் அறைக்கதவை அவள் தட்டி, "என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டால் போதும்.

கோளாறுகளைக் கண்டால் கை துறுதுறுக்கும் பெண் அவள். இந்த முறை கையைக் கட்டிக்கொண்டாள்.

யாரும் எதுவும் சொல்லாமலேயே மே முடிந்தது.

ஜூன் பிறந்த காலையில் அவள் சீக்கிரமே வந்து, யாரும் ஒரு சுற்றுப் பேசி முடிக்காததால் அப்படியே கிடந்த, பெட்டிகள் ஒன்றையொன்று பிடுங்கிய வரிகளை அழித்தாள். சலவை அறையில் சொன்னபடியே எழுதினாள். செயலியைப் புதிதாக இறக்கிய ஒரு ஃபோனில் ஓட்டிப் பார்த்தாள். கோடு எண்ணில் நின்றது. எண்ணைப் போட்டதும் தேதிக்கு நகர்ந்தது. அங்கேயே அமைதியாகத் துடித்தது.

யோஸ்டாவும் பெட்ரோனெல்லாவும் ஒன்றாக உள்ளே வந்தார்கள்.

"நீ பேசிட்டேன்னு நினைச்சேன்," என்றான் யோஸ்டா.

"நான் நீ பேசிட்டேன்னு நினைச்சேன்," என்றாள் பெட்ரோனெல்லா. பிறகு தூவாவின் திரையைப் பார்த்தாள். "இதையெல்லாம் எடுத்துட்டியா? ஒரு சுத்து பேசிட்டு எடுத்திருக்கலாமே, தூவா?"

"சுவாரசியமா இருக்கே," என்றாள் தூவா. ரக்ன்ஹில்டுக்குப் புதிய செயலியை அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.