பன்னிரண்டு நிமிஷம் உதைக்கிறது

டீச்சருக்கு நுரையீரல் மக்கர் பண்ண ஆரம்பித்து நாலு வருஷம். மூக்கில் குழாய், தோளில் கைப்பை அளவுக்கு ஓர் ஆக்சிஜன் மெஷின். அவள் புருஷன் ரிட்டயரான வயர்மேன். ஊரோடு சேர்ந்து அவரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

தங்கையைப் பார்த்தே ஆகணும் என்று டீச்சர் ஒற்றைக் காலில் நின்றாள். மலைக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கையால், படுத்த படுக்கையான மாமியாரை விட்டு நகர முடியாது. ஒன்பது மணி நேரக் கார் குலுக்கல் ஆகவே ஆகாது என்றார் டாக்டர். விமானத்தில் போகலாம், ஆனால் மெஷின் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது.

இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், நாற்பத்தைந்து நிமிஷம். வயர்மேன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனார். இரண்டே கவுன்ட்டர் உள்ள சின்ன இடம்.

"ரெண்டு பேட்டரி இருக்கும்மா. நூறு நிமிஷம் தாங்கும்."

கவுன்ட்டரில் இருந்த அதிகாரிப் பெண் போதாது என்று தலையசைத்தாள். "நாற்பத்தஞ்சு நிமிஷம் மேலே பறக்கிறது மட்டும்தான் சார். கதவைச் சாத்தித் திறக்கிற வரைக்கும் ஒண்ணேகால் மணி. அதுக்கு மேல பாதி கையிருப்பு வேணும். நூத்திப் பன்னெண்டு நிமிஷம்."

"பன்னெண்டு நிமிஷத்துக்கா இந்தப் பாடு?"

"மேலே போனப்புறம் பக்கத்து வீட்டுல பிளக் கேட்க முடியாதே சார்."

முப்பது வருஷம் கம்பம் ஏறியவருக்கு அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

மருத்துவ சாமான் கடையில் மூன்றாவது பேட்டரி ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அலாரம் கடிகாரத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு மூன்று சாயங்காலம் ஓட்டிப் பார்த்தார்.

"என்னங்க, என்னை உட்கார வச்சு மெஷினுக்குப் பரீட்சையா?" என்றாள் டீச்சர்.

"ஐம்பத்திரண்டு நிமிஷம். பாஸ்."

பயணத்தன்று அதிகாரிப் பெண் அவர்களைச் சுவர் பிளக் பக்கத்தில் உட்கார வைத்து, கடைசி ஆளாக ஏற்றிவிட்டாள். கதவு சாத்தியது. விமானம் நகரவில்லை. அந்தப் பக்கம் மழையாம். இருபத்தைந்து நிமிஷம் கழித்துத்தான் கிளம்பியது. போய்ச் சேர்ந்த பிறகும் மேகத்துக்குள் வட்டமடித்தது.

இரண்டாவது பேட்டரியில் சிவப்பு விளக்கு மின்னியது. மூன்றாவதை மாட்டப் போனார். விரல் நடுங்கி, காடிக்குள் போகமாட்டேன் என்றது. டீச்சர் பேசவில்லை, பேச மூச்சில்லை. அவர் மணிக்கட்டை மட்டும் பிடித்துக்கொண்டாள். நடுக்கம் அடங்கியது. பேட்டரி உள்ளே போய் உட்கார்ந்தது. பச்சை.

கதவு திறந்தபோது கடிகாரத்தைப் பார்த்தார். சாத்தியதிலிருந்து நூற்றுப் பதினெட்டு நிமிஷம். கவுன்ட்டரில் இருந்தவளை மனசுக்குள் கும்பிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரியிடம் மாமியாரைக் கொஞ்ச நேரம் ஒப்படைத்துவிட்டு விமான நிலைய வாசலில் வந்து நின்ற தங்கை, ஓடிவந்து அக்காளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். யார் சொல்வதை யார் கேட்டார்களோ.

"டீச்சர், மெதுவா. மூச்சு வாங்கப் போகுது."

"வாங்கட்டும்," என்றாள் டீச்சர். "பேசத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்."

அவர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார்.