மேனாம்பேட்டு மாடியிலிருந்து ஏரிக்கரைக்கு

திருநின்றவூர் ஏரிக்கரையோரம் புதிதாக எழும்பிய முப்பது வீடுகளுக்குக் கேபிள் இழுக்க எந்தக் கம்பெனியும் வரவில்லை. போனில் பேச்சு கேட்கும், படம் வராது. அங்கே மகளிர் குழு நடத்திவந்த எழிலரசி, குழுவின் கூடத்துக்காவது இணையம் வந்தே தீர வேண்டும் என்று விடாப்பிடியாக இருந்தாள். ஒரு தோழி வழியாக இதைக் கேள்விப்பட்டாள் ராஜகுமாரி. தென்காசியிலிருந்து வந்து மேனாம்பேட்டு அடுக்குமாடியில் குடியேறிய நெட்வொர்க் இன்ஜினியர். “எங்க மாடியிலிருந்து காத்துலயே அனுப்பிரலாம்க்கா” என்று போனில் சொன்னாள்.

இடையே பதின்மூன்று கிலோமீட்டர். இரண்டு மாடிகளிலும் ஆளுயரக் கம்பத்தில் ஒரு டிஷ். இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். முதல் ஞாயிறு வேப்பமரம் மறைத்தது, கம்பத்தை உயர்த்தினார்கள். அடுத்த ஞாயிறு மழை. மூன்று மாதம் இப்படியே ஓடியது.

கம்பம் நட்டுக் கொடுத்தவர் பூந்தமல்லி பக்கீர் முகமது. இருபது வருடமாக டிவி டிஷ் மாட்டுகிறவர். ஒரு ஞாயிறு காலை மேனாம்பேட்டு மாடியில் பைனாகுலரை வைத்துக்கொண்டு மேற்கே துழாவினார்.

“எல்லா மொட்டை மாடியும் ஒரே மாதிரி கீதும்மா. எதுன்னு கண்டுபுடிக்கறது?”

ராஜகுமாரி யோசித்தாள். எதிரே எழிலரசிக்குக் கிழக்கு வெயில் முகத்தில் அடிக்கும்.

“அக்கா, பெரிய கண்ணாடி இருக்கா? வெயில எங்க பக்கம் திருப்புங்க” என்றாள் போனில்.

எழிலரசி பீரோக் கதவைக் கழற்றி, கண்ணாடியோடு மாடிக்குத் தூக்கி வந்துவிட்டாள். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. திடீரென்று ஆவடிப் புகைமூட்டத்துக்கு அப்பால் ஒரு பொட்டு வெள்ளிபோல் மின்னியது.

“கீது! அங்க கீது!” பக்கீர் குதித்தார். “அட, இவ்ளோ நாளா எவனோ தண்ணி டேங்கப் பார்த்துல்ல வச்சிருந்தேன்!”

டிஷ்ஷைத் திருப்பி இறுக்கினார். சிக்னல் வந்தது. ஆனால் மைனஸ் எண்பத்தொன்று; அந்த எண் குறையக் குறையத்தான் சிக்னலுக்குப் பலம். இழுத்துப் பறித்தாலும் ஒரு படம் நகராது.

“அக்கா, உங்க பக்கம் நட்டைத் தளர்த்தி மெதுவா இடதுபக்கம் திருப்புங்க. டிஷ்ஷுக்கு நடுவுல ஒரு பெரிய வீச்சு, ஓரத்துல சில்லறை வீச்சு. நாம ஓரத்தைப் பிடிச்சிட்டோம்னு தோணுது.”

“கெடைச்சதையும் உட்டுட்டா?” என்றாள் எழிலரசி.

“விட்டாத்தான் கிடைக்கும்.”

எழிலரசி ஸ்பேனரைப் பிடித்துத் தளர்த்தினாள். சிக்னல் இன்னும் மங்கியது. பிறகு அடியோடு போய்விட்டது.

“போச்சு!”

“நிறுத்தாதீங்க, இன்னும் ஒரு விரக்கடை.”

மூச்சைப் பிடித்துத் தள்ளினாள். எழுபது. அறுபத்திரண்டு. ஐம்பத்தெட்டு!

ராஜகுமாரி போட்ட கூச்சலில் கீழ்வீட்டு ஆட்கள் படியேறி வந்தார்கள். அடுத்த நிமிடம் லேப்டாப்பில் எழிலரசி தெரிந்தாள். எண்ணெய்க் கை, கலைந்த கொண்டை, பின்னால் இருபது பெண்கள் கையாட்டினார்கள்.

“இன்னாம்மா, நீ இவ்ளோ சின்னப் பொண்ணா? குரலக் கேட்டு அம்பது வயசுன்னு நெனச்சிகினு இருந்தேன்!”

ராஜகுமாரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“மீன் கொழம்பு வச்சிருக்கேன். பாயையும் இட்டுகினு வா.”

அம்பத்தூரில் ரயில் ஏறி, மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.