நெயில் பாலிஷ் பொட்டு

திருச்செங்கோட்டில் எங்கள் போர்வெல் ரிக் கம்பெனியின் கணக்கெல்லாம் ஒரே கம்ப்யூட்டர் ஸ்டோரேஜ் பெட்டியில்தான். அதை இயக்கும் இரண்டு கன்ட்ரோலர்களில் ஒன்று போய்விட்டது; மற்றதை வைத்துத்தான் வேலை ஓடியது.

முதலாளி சென்னியப்பன் எந்த மெக்கானிக்கையும் நம்பமாட்டார். கழற்றியதையே துடைத்து மாட்டிவிடுவார்களாம். அதனால் பழுதான பாகத்தில் முன்கூட்டியே ஒரு பொட்டு வைத்துவிடுவார். இதற்கும் என் நெயில் பாலிஷை வாங்கிப் போய் வைத்தார்.

இன்ஜினியர் யோகேஷ் புதியதை மாட்டி, "இது தயாராகக் கொஞ்ச நேரம் ஆகுங்க" என்றான்.

முதலாளி குனிந்து பார்த்தார். பெட்டிக்குள் அதே பொட்டு!

"என்ற கண்ணுலயே மண்ணத் தூவறயா?" என்று பொட்டு வைத்த கன்ட்ரோலரைப் பிடுங்கினார்.

அலுவலகத்தில் எல்லாக் கம்ப்யூட்டரும் நின்றன.

"நீங்க பொட்டு வெச்சது நல்லா ஓடிட்டிருந்த பீஸுக்குங்க" என்றான் யோகேஷ்.

முதலாளி மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"ஏம்புள்ள, பாலிஷ் உன்றதுதான?"